வீட்டுக்கு ஒரு சீட்டு

அத்தியாயம் 14

போன வாரம் கல்பனாவை ஒரு மஞ்சள் பூட்டின் எதிரில் நிறுத்திவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். வெயில் ஏறியிருக்கிறது. கோபம் அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது.

பூட்டு அவளுடைய லோடு வண்டியின் முன் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. இது மூன்றாவது முறை.

உத்திரமேரூர் மேட்டுத் தெருவில், நாற்பத்திரண்டாம் நம்பர் வீடு. வாசல் ஒன்று. உள்ளே போனால் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இடப்பக்கம் மூத்தவர் தமிழ்வாணன், மனைவி சசிரேகா. வலப்பக்கம் இளையவன் மோகன், அவன் மனைவி கல்பனா. அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது, வாசலை மட்டும் பிரிக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் தமிழ்வாணன்தான். அதனால் கதவு எண்ணும் ஒன்றாகவே நின்றுவிட்டது.

அந்த ஒற்றைக் கதவு எண்தான் இப்போது கல்பனாவின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

தை மாதத்திலிருந்து தெருவில் புதுச் சட்டம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, பச்சைச் சீட்டு ஒட்டாத வண்டி எதுவும் தெருவில் நிற்கக்கூடாது. நின்றால் பூட்டு. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு சீட்டு. நாற்பத்திரண்டாம் நம்பர் வீட்டின் சீட்டு, தமிழ்வாணனின் வெள்ளைக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போய் வந்து, மீதி இருபத்தொன்பது நாளும் உறை போர்த்திக்கொண்டு தூங்குகிற கார்.

கல்பனாவின் வண்டிக்குத் தூக்கமே கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் காவாந்தண்டலத்தில் பதினோரு வீட்டுக் கத்தரிக்காய், வெண்டைக்காய், மிளகாய் எல்லாம் அதில் ஏறும். விடிகாலையில் காஞ்சிபுரம் சந்தையில் இறங்கும். எட்டரைக்கு வாசலுக்குத் திரும்பி வரும். அவள் வாயில் இரண்டு இட்லியைப் போட்டுக்கொள்வதற்குள் பூட்டு விழும்.

"மூணாவது தடவைம்மா," என்றார் டிராபிக் போலீஸ் வசந்த்குமார். குரலில் வருத்தம் இருந்தது. கையில் சாவி இருந்தது. சாவி அசையவில்லை. "சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள இந்த வண்டிக்குச் சீட்டு காட்டணும். இல்லாட்டி லாரி வந்து இழுத்துக்கினு போயிடும். அப்பால ஒரு வருஷத்துக்கு இந்த வண்டிக்குச் சீட்டே கிடையாது."

"ஒரு வருஷமா! அப்ப வண்டிய எங்க சார் உடறது? தலையில வெச்சிக்கினு தூங்கறதா?"

"பஸ் ஸ்டாண்டு பின்னால மைதானத்துல உடலாம்."

"அங்க போன மாசம் உட்டதுக்கு ரெண்டு பேட்டரிய கழட்டிக்கினு போயிட்டானுங்க. நீங்கதானே வந்து எழுதினு போனீங்க? மறந்துடுச்சா?"

வசந்த்குமார் தொப்பியைச் சரி செய்துகொண்டார். மறக்கவில்லை என்பது தெரிந்தது.

எதிர்வீட்டு ஆண்டாளம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள். இந்தத் தெருவில் வண்டியே இல்லாத வீடு அவளுடையது ஒன்றுதான். ஆனால் சட்டத்தைப் பற்றி அவளுக்குத்தான் அதிகம் தெரியும்.

"ஒத்தப்படை தேதில இந்தப் பக்கம், ரெட்டப்படையில அந்தப் பக்கம்னு நீதானேப்பா போர்டு வெச்ச? முப்பத்தொண்ணும் ஒத்த, ஒண்ணாந்தேதியும் ஒத்த. ரெண்டு நாளும் என் வூட்டு வாசல்லயேவா நிக்கும் எல்லாம்? நான் கோலம் எங்க போடறது, உன் தொப்பியிலயா?"

"ஆயிரம் பேரு ஆயிரம் கேள்வி கேட்டா நான் இன்னா பண்றது?" என்று வசந்த்குமார் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் நடுவில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரை விரித்து வைத்திருந்தார் தமிழ்வாணன். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அதாவது படிக்கவில்லை.

கல்பனா அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாமா. கடைசியா கேக்கறேன். இந்த ஒரு வருஷம் உங்க காரை ஷெட்டுல உடுங்க. உங்க மச்சான் வூட்டு ஷெட்டு சும்மாதானே கீது?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "காரு வாசல்ல நிக்கணும்மா. எம் மவ திலகாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. வர்றவன் மொதல்ல இன்னாத்த பாப்பான்? வாசலைப் பாப்பான். கத்தரிக்கா மூட்டை ஏத்தற வண்டிய பாத்தா, உள்ள வருவானா?"

"அந்தக் கத்தரிக்காய்தான் உங்க வூட்டு சாம்பார்லயும் கீது, மாமா."

"பேச்சைக் கொற. ரூலு நான் போட்டதில்ல. வூட்டுக்கு ஒண்ணுன்னு ஆபீஸ்ல போட்டிருக்கான். மூத்தவனுக்குப் போச்சு. அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து சசிரேகா, "வெள்ளிக்கெயமையும் அதுவுமா வாசல்ல இன்னாடி சத்தம்?" என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். காரின் உறையை முன்பக்கம் மட்டும் தூக்கினாள். கண்ணாடியில் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனத்தை அப்பினாள். அதன் நடுவில் குங்குமம். கண்களை மூடிக் கும்பிட்டாள்.

இந்த ஊரில் வண்டிக்கு வைத்த பூசைச் சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டார்கள். மழை வந்து அதுவாகக் கரைய வேண்டும். கல்பனா அதைப் பார்த்தாள், பார்த்ததோடு சரி. அவளுக்கும் அதே ஊர்தானே.

நடையிலிருந்து தன் பைக்கை உருட்டிக்கொண்டு மோகன் வந்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை அவனுக்கு வார லீவு. ஆனால் இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஓ.டி. என்று கூப்பிடுகிறார்கள். புதிதாகப் பக்தியும் வந்திருந்தது. அண்ணியின் கிண்ணத்திலிருந்து ஒரு உருண்டைச் சந்தனத்தை எடுத்து, பைக்கின் முன் மட்கார்டில் பட்டையாகப் பூசிக்கொண்டான்.

"நைனா போனப்பகூட சாமி கும்பிடாத ஆளு, இப்ப பாரு," என்று போன வாரம்தான் கல்பனா சிரித்திருந்தாள். இன்று சிரிப்பு வரவில்லை.

"யோவ், எங்க போற? வண்டிய இழுத்துக்கினு போகப் போறாங்க. நீ சந்தனம் வெச்சிக்கினு கீற!"

"இன்னாத்துக்குக் கத்தற? அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

"மூணு மாசமா பேசற. வாயில கொயக்கட்டையா?"

மோகன் அண்ணனைப் பார்த்தான். பேப்பர் ஒரு விரற்கடை இறங்கியது. அண்ணனின் கண்கள் மட்டும் தெரிந்தன. தம்பி உடனே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"நாலரைக்கு வந்துடறேன் கல்பு."

பைக் போய்விட்டது. கல்பனாவின் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போனது. அவள் வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

* * *

சீட்டு கொடுக்கிற ஆபீஸில் பத்து மணிக்கே மின்விசிறி சுற்றியது. நாற்காலியில் ஆள்தான் இல்லை.

"சாமுவேல் சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு. ரெண்டு மணிக்கு மேல வருவாரு," என்றாள் தண்ணீர் கொண்டு வந்த எல்லம்மாள்.

"அஞ்சு மணிக்கு என் வண்டிய தூக்கிடுவாங்கம்மா."

"அப்ப குந்து. மூணு மணி நேரம் கூடுதலா கீதே."

கல்பனா பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். உட்கார முடியாத கோபம் அது. காவாந்தண்டலத்திலிருந்து தாயாரம்மாள் போன் செய்தாள்.

"கல்பனா, இன்னிக்கு மொளகா ஜாஸ்தி கீது. ஆறு மூட்டை. ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவியா?"

"வந்துடுவேன்க்கா."

"வரமாட்டேன்னா இப்பவே சொல்லிடு. பறிச்சதை மண்ணுல கொட்ட முடியாது."

"வந்துடுவேன்னு சொல்ட்டேன் இல்ல!"

கத்திவிட்டாள். தாயாரம்மாளிடம் கத்த என்ன இருக்கிறது? போனை மடியில் வைத்துக்கொண்டு, வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல், சுவரைப் பார்த்தாள்.

சுவரில் சட்டம் ஒட்டியிருந்தது. இரண்டு பக்கம். பொடி எழுத்து.

இந்தத் தாளை அவள் ஒருநாளும் படித்ததில்லை. படிக்க வேண்டி வரவில்லை. தை மாதம் நோட்டீஸ் வீட்டுக்கு வந்த அன்று, தமிழ்வாணன் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டினார். மோகன் தலையாட்டினான். அவர் படித்து முடித்ததும் கல்பனா அடுப்பில் பால் இருக்கிறதே என்று எழுந்து போனாள். பெரியவர் படித்தால் படித்ததுதான்.

இப்போது அவளே விரலை வைத்துப் படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவதில், தெருவில் நிறுத்தும் இரு சக்கர வண்டிக்கும் சின்னச் சீட்டு வேண்டும் என்றிருந்தது. மோகனின் பைக் நடையில் ஏறிவிடும்; அது பிரச்சினை இல்லை என்று தாண்டினாள்.

ஏழாவதில் விரல் நின்றது.

'ஒரு கதவு எண்ணுக்கு நான்கு சக்கர வாகனத்துக்கான அனுமதிச் சீட்டு ஒன்று மட்டுமே வழங்கப்படும்.'

இதுவரைக்கும் அன்றைக்கு அவர் படித்தார். அவர் குரல்கூட அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தாளை மடித்துவிட்டார்.

ஆனால் ஏழாவது விதி அங்கே முடியவில்லை. அடுத்த வரி இருந்தது.

'ஒன்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் இருப்பின், பிழைப்புக்காக ஓட்டப்படும் வாகனத்துக்கே முன்னுரிமை அளிக்கப்படும்.'

கல்பனா அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

இரண்டரைக்கு சாமுவேல் வந்தார். வியர்த்துப் போயிருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை அவள்.

"சார், நாப்பத்திரண்டு, மேட்டுத் தெரு. எங்க வூட்ல பிழைப்பு வண்டி என்னுது. காருக்கு எப்படி சார் சீட்டு போட்டீங்க? ஏழாம் நம்பர் ரூலு நீங்க போட்டதுதானே? ரெண்டாவது வரி யாருக்கு? சுவத்துக்கா?"

"இரும்மா. உக்காரு."

"உக்கார மாட்டேன்."

சாமுவேல் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"காருக்கு யாரும்மா போட்டது?"

"நீங்கதான்!"

"நாப்பத்திரண்டாம் நம்பர் வூட்டுக்கு ரெண்டு வண்டி எழுதிக் குடுத்திருந்தாங்க. ஒரு காரு, ஒரு லோடு வண்டி. லோடு வண்டிக்குத்தான் சீட்டு போட்டிருக்கோம். நாலாயிரத்து அறுநூத்திப் பதினேழு. உன் வண்டி நம்பர் தானே அது?"

அவள் மேசைக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"என் வண்டி நம்பர்தான்," என்றாள் கல்பனா மெதுவாக.

"மாசி மாசம் மொத வாரமே குடுத்தாச்சு. உங்க வூட்ல இருந்து வந்து கையெயுத்துப் போட்டு வாங்கினு போயிருக்காங்க."

"நான் வாங்கலயே!"

"வூட்டுல யாரு வேணாலும் வாங்கலாம்மா. அன்னிக்கு நான் லீவு. வாங்கின கையெயுத்து ரிஜிஸ்தர்ல கீது. ரிஜிஸ்தர் பில் கலெக்டர்கிட்ட கீது. அவரு நாலரைக்குத் திரும்புவாரு. வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறேன். நம்பர் சொல்லு."

நம்பரைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தாளைப் பாதியில் மடித்தவர் யார்? காரை வாசலில் நிறுத்த வேண்டியவர் யார்?

"எனக்கு வேற ஒண்ணு அடிச்சுக் குடுங்க சார். அஞ்சு மணிக்கு லாரி வருது."

"தொலைஞ்சு போனாத்தான் வேற குடுப்போம். இது தொலையலயேம்மா. எங்கயோ ஒட்டிக்கினு கீது." சாமுவேல் அவளை நேராகப் பார்த்தார். "எங்கன்னு உனுக்கே தெரியும்னு நெனைக்கறேன்."

தெரியும். நான்கு விரல் அகலச் சந்தனத்தின் அடியில்.

* * *

லாரி சீக்கிரமே வந்துவிட்டது. நாலு முப்பத்தைந்துக்கெல்லாம் சங்கிலியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வசந்த்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மேட்டுத் தெருவில் பாதிப் பேர் வாசலில் இருந்தார்கள். மீதிப் பேர் ஜன்னலில்.

தமிழ்வாணன் அதே நாற்காலியில். இப்போது பேப்பர் இல்லை. கால் மேல் கால்.

கல்பனா தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள். தன் வண்டிப் பக்கம் போகவில்லை. நேராகக் கார் பக்கம் போனாள். உறையைப் பிடித்து ஒரே இழுப்பு. உறை தெருவில் விழுந்தது.

"ஏய்! இன்னா பண்ற?" தமிழ்வாணன் எழுந்தார்.

"சீட்டு காட்டச் சொன்னாரு இல்ல போலீஸ்காரரு? காட்டறேன்."

சசிரேகா ஓடி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். "கை வெக்காத! பூசை சந்தனம்! வெள்ளிக்கெயம வெச்சது!"

"அக்கா, நகருங்க."

"சாமி குத்தம் ஆயிடும்டி!"

"அது என் மேல வரட்டும். நீங்க நகருங்க."

சசிரேகா நகரவில்லை. கல்பனா வசந்த்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். "சார், இந்தக் காருல ஒட்டியிருக்கற சீட்டுல இன்னா நம்பர் போட்டிருக்கு?"

"பச்சைச் சீட்டு கீதும்மா. நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. தெனம் உறைய தூக்கிப் பாக்கறேனே."

"அது கதவு நம்பர். கீய சின்னதா வண்டி நம்பர் இருக்கும். அதைப் படிச்சுச் சொல்லுங்க."

வசந்த்குமார் கிட்டே வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். "அது மேல சந்தனம் கீதும்மா."

"தொடைச்சுட்டுப் படிங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சாமிக்கு வெச்சது. யூனிபார்ம் போட்டுக்கினு நான் அதுல கை வெக்க மாட்டேன். என் வூட்டுலயும் வண்டி கீது."

"பாத்தீங்களா?" கல்பனாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "போலீஸே கை வெக்க மாட்டாரு. இந்த ஊர்ல எவனும் கை வெக்க மாட்டான். அது தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க! மூணு மாசமா என் சக்கரத்துல பூட்டு தொங்குச்சு. நீங்க வாராவாரம் சந்தனம் கரைச்சீங்க!"

"வாய மூடு," என்றார் தமிழ்வாணன். "பொம்பள லோடு வண்டி ஓட்டறதே கேவலம். இதுல வாசல்ல நின்னு கூச்சல் வேற."

கல்பனா சசிரேகாவின் தோளைப் பிடித்து விலக்கினாள். முந்தானையை உருட்டி, கண்ணாடியில் அழுத்தி, ஒரே தேய்ப்பு.

சந்தனம் காய்ந்திருந்தது. முதல் தேய்ப்பில் மேல்தோல்தான் வந்தது. இரண்டாவதில் குங்குமம் கலந்து கண்ணாடி முழுக்கச் சிவப்பாகப் பரவியது. ஆண்டாளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது தேய்ப்பு. எச்சில் தொட்டு நான்காவது.

கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த பச்சைச் சீட்டு முழுதாகத் தெரிந்தது.

"இப்ப படிங்க சார்."

வசந்த்குமார் படித்தார். படித்துவிட்டு, காரின் நம்பர் பலகையைப் பார்த்தார். பிறகு லோடு வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தார்.

"நாலு, ஆறு, ஒண்ணு, ஏழு," என்றார். "இது அந்த வண்டியோட சீட்டு."

ஆண்டாளம்மாளின் இடுப்பிலிருந்த முறம் கீழே விழுந்தது.

"அய்யய்யே! தம்பி பொண்டாட்டி சீட்டையா ஒட்டிக்கினு குந்தியிருந்த? ஏன் தமியு, நீதானே தெருக்கூட்டத்துல எயுந்து நின்னு ரூலு ரூலுன்னு கத்தின?"

"நான் ரெண்டு விரலுதான் வெப்பேன்," என்று சசிரேகா அழ ஆரம்பித்தாள். "அவருதான் நாலு விரல் அகலத்துக்கு வெய்யி, வாராவாரம் வெய்யின்னாரு. எனக்கு இன்னா தெரியும்?"

"உள்ள போடீ!" தமிழ்வாணன் கத்தினார்.

வசந்த்குமாருக்கு மூன்று மாதமாக ஏமாந்த கோபம் இப்போதுதான் வந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். லோடு வண்டியின் சக்கரத்திலிருந்து மஞ்சள் பூட்டு கழன்றது. அதைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தார். வெள்ளைக் காரின் முன் சக்கரத்தில் மாட்டினார். 'களக்' என்று விழுந்தது.

"அடுத்தவங்க சீட்டை ஒட்டினதுக்குத் தனிக் கேஸு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க," என்றார். லாரிக்காரன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, இழுக்க எது கிடைத்தாலும் சரி என்பதுபோல் காரைப் பார்த்தான்.

கல்பனா காரின் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டு, நகத்தால் நெம்பி, பச்சைச் சீட்டைக் கிழியாமல் உரித்து எடுத்தாள். மணி நாலு ஐம்பது. பத்து நிமிடம் மிச்சம். தாயாரம்மாளின் ஆறு மூட்டை மிளகாய் மண்ணில் கொட்டாது.

ஜெயித்துவிட்டாள்.

அப்போதுதான் தமிழ்வாணன் சிரித்தார்.

அவமானப்பட்ட மனிதன் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. கையில் இன்னும் ஒரு சீட்டு வைத்திருப்பவன் சிரிக்கிற சிரிப்பு.

"என்னைத் திருடன்னு ஊருக்குக் காட்டிட்ட. சந்தோசமா? நான் அந்த ஆபீஸ் வாசப்படிய மிதிச்சதே இல்லம்மா. இந்தச் சீட்டை என் கையில கொண்டாந்து குடுத்தது யாருன்னு கேட்டியா?"

"பொய் சொல்லாதீங்க மாமா."

"எனக்கு இன்னாத்துக்குப் பொய்? குடுத்தவன்கிட்ட கேளு. ஏன் குடுத்தான்னும் கேளு. நான் வாயத் தொறந்தா உன் பக்கத்து சுவரு நிக்காது."

கல்பனாவின் இடுப்பில் போன் அதிர்ந்தது.

சாமுவேல் அனுப்பிய படம். ரிஜிஸ்தர் பக்கம். நாற்பத்திரண்டு, மேட்டுத் தெரு. பெற்றுக்கொண்டவர் கையொப்பம்.

அந்தக் கையெழுத்தின் கடைசி எழுத்தில் ஒரு வால் தொங்கும். கீழே இறங்கி, இடப்பக்கம் வளைந்து, முதல் எழுத்தைத் தொடும். கல்யாணப் பதிவுத் தாளில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. வண்டி வாங்கியபோது சாட்சி போட்ட இடத்தில் இருக்கிறது.

மோகன்.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. மோகன் வந்தான். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் தாமதம். கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். காரின் சக்கரத்தில் பூட்டைப் பார்த்தான். கண்ணாடியில் சிவந்து வழிந்த சந்தனத்தைப் பார்த்தான். கடைசியில் மனைவியின் கையிலிருந்த போனைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"கல்பு... நான் சொல்றதக் கேளு..."

"கேக்கறேன். சொல்லு." அவள் கத்தவில்லை. காலையிலிருந்து முதல் முறையாக அவள் குரல் இறங்கியிருந்தது. கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. "மூணு மாசம். பூட்டு விழும்போதெல்லாம் பக்கத்துல நின்ன. என் தோள்ல கைய வெச்சு, அண்ணன்கிட்ட பேசறேன்னு சொன்ன. என் சீட்டை நீயே வாங்கி, நீயே குடுத்துட்டு!"

"அண்ணன் கேட்டாரு... எனக்கு வேற வழி இல்ல..."

"ஏன் இல்ல?"

அவன் கண் அண்ணனிடம் போனது. அண்ணன் நாற்காலியில் மறுபடி கால் மேல் கால் போட்டார்.

கல்பனா பச்சைச் சீட்டை உயர்த்திப் பிடித்தாள்.

"வூட்டுக்கு ஒரு சீட்டு. இந்த வாசல்ல இனிமே என் வண்டி நிக்கும். நீ எங்க நிக்கப் போற? அதைச் சொல்லு."

மோகன் பைக்கைப் பின்னால் தள்ளினான். ஒரு அடி. இரண்டு அடி. வீட்டு நடைக்குள் ஏற்றுவதற்குப் பதிலாக, அவளிடமிருந்து விலக்கினான். முன் சக்கரத்தைத் திருப்பினான். மட்கார்டு அவள் பார்வையில் படாதபடி.

அந்தத் திருப்பல்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

மட்கார்டில் சந்தனம். காலையில் வைத்தது. பட்டையாக. நான்கு விரல் அகலத்துக்கு.

நைனா போனபோதுகூட சாமி கும்பிடாத ஆள்.

"கல்பனா, வேணாம்," என்றான் மோகன். "உன்னக் கைகூப்பிக் கேக்கறேன். தெருவுல வேணாம்."

அவள் முந்தானையில் ஏற்கெனவே கார்ச் சந்தனம் ஒட்டியிருந்தது. அதே நுனியை விரலில் சுற்றினாள். குனிந்தாள். இந்த முறை ஒரே தேய்ப்பு போதுமாக இருந்தது.

அடியில் பச்சை.

சின்னச் சீட்டு. தெருவில் நிறுத்தும் பைக்குக்குக் கொடுக்கிற சீட்டு. வீட்டு நடையில் நிற்கும் பைக்குக்குத் தேவையே இல்லாத சீட்டு. வண்டி நம்பர் மோகனுடையதுதான். அதில் தப்பில்லை.

கதவு எண்தான் நாற்பத்திரண்டு இல்லை.

'19, கிணற்றுத் தெரு. குடியிருப்பவர்: மோகன்.'